பாலத்துக்கு இந்தப் பக்கம்

கதவை இழுக்காதீங்க தம்பி. அது காத்துல வேலை செய்யற கதவு. நான் இங்கிருந்து சுவிட்சை அமுக்குனாத்தான் தொறக்கும். சித்தெ இருங்க. புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும்... ஆங், இப்ப ஏறுங்க. தலை பத்திரம்.

இந்த மண்டபம் ஊர்ல வண்டியை நிறுத்துனதுல இருந்து ஆளாளுக்கு வந்து சுத்திச் சுத்திப் பாக்கறாங்க. சினிமாக்காரங்க வண்டியான்னு ஒருத்தன் கேக்கறான். நடமாடும் ஆஸ்பத்திரியான்னு ஒரு அம்மா கேட்டுச்சு. ரெண்டும் இல்லைங்க. நான் கரூரு. பேரு நாச்சிமுத்து. பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருந்தேன். நீங்க ஏறுன பஸ்ஸுல ஏதாச்சும் ஒண்ணு நான் கட்டுனதா இருக்கும், அந்தளவுக்குக் கட்டியிருக்கேன். பட்டறையைக் குடுத்துட்டு ஒதுங்கறப்போ கடைசியாக் கட்டுனது இது. எனக்காக இல்ல. எம் பொண்டாட்டிக்காக.

உக்காருங்க, அந்த சீட்டுல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. டீ போடறேன். பாருங்க, கேஸ் அடுப்பு. வண்டி எவ்வளவு குலுங்குனாலும் பாத்திரம் நகராது, சுத்தி கம்பி வெச்சிருக்கேன். அது கட்டில். அந்தக் கதவு கக்கூஸ். மயிலாத்தாளுக்கு, அதான் எங்கூட்டுக்காரிக்கு, காலு ரெண்டும் வீங்கிப் போயிருக்குமுங்க, குத்த வெச்சு உக்கார முடியாது. அதுக்குன்னு அவ முட்டி உயரத்தை அளந்து கட்டுனேன். படி பாத்தீங்களா? வேற எந்த வண்டியிலயும் இவ்வளவு தாழ்வா படி இருக்காது. கைப்பிடி எங்க பாத்தாலும் இருக்கும். என்னை யாரும் பொண்டாட்டியைக் கவனிக்காதவன்னு சொல்லீர முடியாதுங்க.

அவளுக்கு இருதயம் சரியில்ல. வீங்கிப் போச்சு, ரத்தத்தைத் தள்ளற சக்தி இல்லைன்னாங்க. ஆபரேசனெல்லாம் தாங்காதாம். கோயம்புத்தூர் டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "எங்கயாவது கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துருங்க"ன்னாரு. நான் அவகிட்ட அதைச் சொல்லல. "மயிலா, வண்டி ரெடி. ஊட்டிக்குப் போலாமா, திருச்செந்தூர் போலாமா"ன்னு கேட்டேன். அவ கேட்டதே இல்லைங்க, எதையும். கல்யாணமான நாள்ல இருந்து எனக்கு அது வேணும் இது வேணும்னு வாயைத் தொறந்ததில்ல. அன்னைக்குச் சொன்னா. "பாம்பன் பாலம் பாக்கோணும்."

எனக்கு அவ்வளவு சந்தோசம். வண்டி கட்டறவனுக்குப் பாலம்னா ஒரு இது இருக்குமுங்களே. கடலுக்கு மேல ரோடு போட்டு அதுல பஸ்ஸு போறதுன்னா சும்மாவா? இவளுக்கும் அந்த ஆசை இருக்குதேன்னு நெனச்சேன். இத்தனை வருசம் என்கூட இருந்ததுல அதுவும் ஒட்டிக்கிச்சு போல அப்படீன்னு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற தீவுல யாரு இருக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சேன்.

சொல்றேன். சொல்லாம என்ன. எங்களுக்கு ஒரு புள்ள இருந்துச்சு. கோகிலவாணி. திருச்சியில படிக்க வெச்சேன். படிச்ச எடத்துல ஒருத்தனோட போயிருச்சு. அந்தத் தீவுல தங்கச்சிமடத்துக்காரன். கடக்கரை சனம், வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. ஜெரோன்னு பேராம். படகு இஞ்சின் ரிப்பேர் பண்றவன். நானும் மெக்கானிக்குங்கள நூறு பேரை வெச்சு வேலை வாங்குனவன்தான், ஆனா வேலை வாங்கறது வேற, பொண்ணைக் குடுக்கறது வேறங்க. எங்க சனத்துல தலை நிமிர முடியுமா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம், நீங்க சின்ன வயசு, வேற மாதிரி சொல்லுவீங்க.

நான் தலை முழுகிட்டேன். வாயில சொல்றாங்களே அப்படி இல்லைங்க. நெசமாலுமே. கண்ணீர் அஞ்சலின்னு போட்டோ போட்டு பஸ் ஸ்டாண்டு முக்குல பெரிய போர்டு வெச்சேன். கொடுமுடிக்குப் போயி காவேரியில கருமாதி பண்ணுனேன். ஐயரு மயிலாத்தாளைப் பாத்து, "கொழந்தை எப்படிம்மா போனா"ன்னு கேட்டாரு. அவ, "அவருக்குத்தான் தெரியும், அவரைக் கேளுங்க"ன்னுட்டா. நான் காய்ச்சல்னு சொன்னேன். பிண்டம் வெச்சோம். காக்கா வரவே இல்ல. ரொம்ப நேரம் நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். அன்னைக்கு மானம் மேகமா மூடாக்கு போட்டிருந்துச்சு, அதான். மூடாக்கு போட்டா காக்கா எங்க வரும்? ஆத்துல கரைச்சுட்டு முழுகி எந்திரிச்சு வந்தோம். வந்த ஒறம்பரை சனத்துக்கெல்லாம் மயிலாத்தாதான் சோறு ஆக்கிப் போட்டா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. நல்ல மனதைரியம்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

அதுக்கப்பறம் அவ என்கூட உக்காந்து சாப்பிட்டதில்ல. பசி கம்மியாயிருச்சு அவளுக்கு. நோவு அப்பவே ஆரம்பிச்சிருக்கும்னு இப்பத் தோணுது.

டீயில சர்க்கரை போதுங்களா?

முந்தாநேத்து வந்தோம். வர்ற வழியெல்லாம் ஜன்னல் பக்கத்துல உக்காந்துட்டு வெளியவே பாத்துட்டு வந்தா. பரமக்குடி தாண்டுனதும் தலையைச் சீவிப் பூ வெச்சுக்கிட்டா. "பாலத்தைப் பாக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்"னு கேலி பண்ணுனேன். சிரிச்சா. சிரிச்சு எவ்வளவு நாளாச்சுங்கறீங்க. நான் கண்ணாடியில பாத்துட்டேதான் ஓட்டிட்டு வந்தேன்.

பாலத்து மேல வண்டி நிறுத்தக் கூடாதுன்னு போர்டு இருக்குது. யாரு கேக்கறா? நீங்களும் நிறுத்திப் போட்டோ எடுத்திருப்பீங்க. நானும் உச்சியில நிறுத்தி சுவிட்சை அமுக்குனேன். அதைத்தான் தம்பி இன்னைக்கும் நெனைச்சுக்கறேன். அந்தச் சுவிட்சை நான் தொட்டிருக்கக் கூடாது. வேற ஒரு தப்பும் நான் பண்ணல.

காத்துன்னா அப்படியொரு காத்து. ரெண்டு பக்கமும் கடலு, கீழ ரயில் பாலம், கலர் கலராப் படகு. நான் பின்னால போயி அவ உக்கார்றதுக்குன்னு சேரை எடுத்துட்டு எறங்கறேன், இவ நடந்துட்டிருக்கா. அந்தப் பக்கமா, தீவைப் பாத்து. கைப்பிடிச் சுவரைப் புடிச்சுக்கிட்டு.

"மயிலா, எங்க போற? இங்கிருந்தே நல்லாத் தெரியுது பாரு."

"நீங்க பாருங்க. நான் கோகிலாவைப் பாக்கோணும்."

"அந்தப் பேரை எடுக்காதே. அவளுக்குத்தான் எல்லாம் பண்ணியாச்சுல்ல."

"பண்ணுனது நீங்க. நான் சோறுதான் ஆக்குனேன்."

திரும்பிக்கூடப் பாக்காம சொன்னாளுங்க. அடுப்படியில இருந்து ஹாலுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்கறவ அவ. வேலைக்காரப் பொம்பளையோட போன்ல இவ அந்தப் புள்ளகிட்டப் பேசிட்டே இருந்திருக்கா, இவ்வளவு வருசமா. பொறந்த கொழந்தையைப் போட்டோவுல பாத்திருக்கா. அப்பறம் ஜெரோன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் பட்டறைக்குப் போனதும் பேசுவாங்களாம். ஏமாத்தறதுன்னா இதுதானுங்களே?

ஓடிப் போயி வண்டியை எடுத்தேன். கதவைத் தொறந்து போட்டபடியே அவ பக்கத்துலயே ஊர விட்டேன். ஒரு எட்டு வெச்சா உள்ள வந்தர்லாம், அவளுக்குன்னு கட்டுன படி. "ஏறு மயிலா. ஏறு. ஜனம் பாக்குது." அவ நின்னு மூச்சு வாங்குவா, நானும் நிறுத்துவேன். அவ நடப்பா, நானும் நகத்துவேன். பின்னால பஸ்ஸு, லாரி, காரு எல்லாம் ஆரன் அடிக்குது. பஸ்ஸுல இருந்து ஒருத்தன், "யோவ், கல்யாண ஊர்வலமா போறே"ன்னு கத்தறான். எனக்கு அவமானத்துல கண்ணே தெரியல. அவ செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டா. வீக்கத்துக்கு அது கடிச்சிருக்கும். அந்தத் தாருச் சூட்டுல வெறுங்காலோட, கீழ எறங்கற வரைக்கும் நடந்தே போயிட்டா. ஒரு போலீஸ்காரர் வண்டியில வந்து என்னைத்தான் திட்டுனாரு.

அந்தப் பக்கம் பாலம் எறங்கற எடத்துல அவங்க நின்னுட்டிருந்தாங்க. அவனும், அந்தப் புள்ளையும், கையில ஒரு சின்னப் பொண்ணும். ஓடி வந்து இவளைத் தாங்கிப் புடிச்சாங்க. எல்லாரும் ரோட்டுலயே உக்காந்துட்டாங்க.

நான் எறங்கல. அந்தப் புள்ள வாழற மண்ணுல கால் வெக்க மாட்டேன்னு கொடுமுடியிலயே சொன்னவன் நான். அந்த நீளப் பாலத்துல இவ்வளவு பெரிய வண்டியைத் திருப்ப முடியாதுங்க, அதனால பாம்பன்ல எறங்கித்தான் திருப்புனேன். டயரு மட்டும்தான் அந்த மண்ணுல பட்டுச்சு. நான் பாதம் வெக்கல. திருப்பறப்போ அந்தப் புள்ள ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னு "அப்பா"ன்னுச்சு. நான் நேராப் பாத்து ஓட்டிட்டு வந்துட்டேன். செத்தவங்க கூப்பிட்டாத் திரும்பக் கூடாதுங்க. சுடுகாட்டுல இருந்து வர்றப்போ அதுக்குத்தானே திரும்பிப் பாக்காம வரச் சொல்றாங்க?

கொஞ்சம் குண்டாயிருச்சு. அவங்கம்மா சாடை வந்திருச்சு.

அன்னைக்குப் பொழுதோட அந்தப் பையன் வந்தான். ஜெரோன். இங்கதான், நீங்க காரை நிறுத்தியிருக்கீங்களே அந்த மணல்லயே நின்னான். தன்மையாத்தான் பேசுனான், அதை ஒத்துக்கோணும். "மாமா, அத்தை மாத்திரை எல்லாம் வண்டியில இருக்காம். குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயிருவேன். மூச்சு ரொம்ப வாங்குது"ன்னான்.

நான் குடுக்கலைங்க. நீங்க அப்படிப் பாக்காதீங்க. யோசிச்சுப் பாருங்க. அவளுக்குக் காலையில எது, சாயங்காலம் எது, எதைப் பாதியா ஒடைச்சுக் குடுக்கோணும், எல்லாம் நான்தான் பாத்துக்கறேன். எங்கையால வாங்கித்தான் முழுங்குவா. மருந்து எங்க இருக்குதோ அங்க அவ வந்துதானே ஆகோணும்? குடுத்தனுப்பிச்சா அவ அங்கயே தங்கிக்குவா. "அவளை வந்து வாங்கிக்கச் சொல்லு"ன்னேன்.

"அவங்களால எந்திரிக்கவே முடியல மாமா. பேரையாச்சும் சொல்லுங்க. மருந்துச் சீட்டைக் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன். நான் ராமநாதபுரம் போயி வாங்கிக்கிறேன்."

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா"ன்னுட்டு ஜன்னலைச் சாத்திட்டேன்.

நேத்து பூராவும் பாலத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டோவா எட்டிப் பாத்தேன். அவளுக்குப் புடிச்ச மாதிரி ரசம் வெச்சேன். வரல. போன் வந்துட்டே இருந்துச்சு. எடுத்தா என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? வாங்க வாங்கம்பாங்க. செத்தவ வீட்டுக்கு ஒரு மனுசன் எப்படிப் போறது? அங்க போயி ஒரு வாய் தண்ணி குடிச்சேன்னா, நான் கொடுமுடியில பண்ணுனதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஊரைக் கூட்டிச் சோறு போட்டிருக்கேன் தம்பி.

இன்னைக்குக் காலையில பையன் மறுபடி ஓடி வந்தான். மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு. "ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கு மாமா. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். இந்த வழியாத்தான் வரும். நீங்க தீவுக்குள்ள வர வேணாம். இங்க ரோட்டோரம் நில்லுங்க, நிறுத்தி உங்களை ஏத்திக்கச் சொல்றேன். அத்தை உங்களைத்தான் கேக்குறாங்க"ன்னான்.

என்னைத்தான் கேட்டாளாம். பாத்தீங்களா? அவ என்னை விட்டுட்டுப் போறவ இல்லைங்க.

குளிச்சேன். வெள்ளை வேட்டி கட்டுனேன். மாத்திரை டப்பாவை எடுத்துக்கிட்டு அந்த ரோட்டோரம் போயி நின்னேன். சைரன் சத்தம் பாலத்து மேல இருந்தே கேட்டுச்சு. வந்து எம் முன்னாலயே நிறுத்துனான். பின்கதவைத் தொறந்தாங்க. மயிலா படுத்திருக்கா, மூஞ்சியில அந்த ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. பக்கத்துல அந்தப் புள்ள. எனக்குக் கையை நீட்டுது. "ஏறுங்கப்பா. சீக்கிரம் ஏறுங்க."

நான் எப்படிங்க அந்தக் கையைப் புடிக்கறது?

நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல. "அவளை எறங்கச் சொல்லுங்க. நான் ஏறிக்கறேன். பொண்டாட்டியை நான் பாத்துக்குவேன்"னேன். அவ்வளவுதான். அந்தப் புள்ள மாட்டேங்குது. அம்மா கையைப் புடிச்சிருக்கேன், விட மாட்டேங்குது. டிரைவர் எறங்கி வந்து, "பெரியவரே, உசுரு ஊசலாடுது, உள்ள ஏறுங்க, இல்லாட்டி வழி விடுங்க"ன்னு கத்தறான். என்னைப் பாத்துக் கத்தறான்! நானும் சத்தம் போட்டேன். யாரு எறங்கறது யாரு ஏறறதுன்னு கொஞ்ச நேரம் ஒரியாட்டம் ஆயிருச்சு. ரொம்ப நேரமெல்லாம் இல்ல. கொஞ்ச நேரம்தான். டீக்கடையில இருந்து ஆளுங்க எந்திரிச்சு வந்துட்டாங்க.

மயிலா கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தா. நல்லாப் பாத்தா. அப்பறம் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. வெயிலு நேரா கண்ணுல அடிச்சிருக்கும். கதவு கெழக்கால இருந்துச்சு.

அந்தப் புள்ளதான் கதவை இழுத்துச் சாத்துச்சு. வண்டி கெளம்பிப் போயிருச்சு. டப்பா எங்கையிலயே இருந்துச்சு.

நான் திரும்பி வந்து இங்கயே உக்காந்தேன். பின்னாலயே போயிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? போயிருக்கலாம். சாவியைக்கூட போட்டேன். அங்க போயும் அந்தப் புள்ளதான நிக்கும். எல்லாரும் பாக்கற எடத்துல மறுபடி ஒரு ஒரியாட்டம் வேணுமா?

ரொம்ப நேரம் கழியல. அதே வண்டி திரும்பி வந்துச்சு. அதேதான், வண்டி கட்டறவன் கண்ணுக்கு வண்டி மாறாது. ராமநாதபுரம் போயிட்டு வர்ற நேரமே ஆகலைங்க. பாதி வழியிலயே திருப்பிக்கிட்டு வந்திருக்காங்க. சைரன் இல்ல. அவசரமே இல்லாம, சும்மா மெதுவா என்னைத் தாண்டிப் போயிப் பாலத்துல ஏறிருச்சு. டிரைவர் என்னைப் பாத்தான், இந்தத் தடவை திட்டல. பின்னாலயே அந்தப் பையன் பைக்குல போனான்.

அதான் எனக்கு நிம்மதியாயிருச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் போகவே தேவைப்படலைன்னா, நல்லாயிருச்சுன்னுதானே அர்த்தம்? சைரன் எதுக்குப் போடுவாங்க, அவசரத்துக்கு. அவசரம் தீந்துருச்சு. அப்பறம் போன் ஒரு தடவை அடிச்சுது. ரொம்ப நேரம் அடிச்சுது. நான் எடுக்கல. அதுக்கப்பறம் வரவே இல்ல. நேத்தெல்லாம் சும்மா விடாம அடிச்சவங்க, இப்ப ஒரு சத்தத்தையும் காணோம்.

டீயைக் குடிங்க தம்பி. ஏன் அப்படியே வெச்சிருக்கீங்க?

நீங்க ராமேசுவரம் போயிட்டு வர்றீங்கதானே? அப்ப தங்கச்சிமடம் தாண்டித்தான் வந்திருப்பீங்க. ரோட்டு மேலயே வீடுன்னு சொன்னான். பச்சைச் சுவரு. வாசல்ல படகு இஞ்சினெல்லாம் பிரிச்சுப் போட்டுக் கெடக்குமாம். நீங்க பாத்திருப்பீங்களே. கூட்டம் எதாவது... இல்ல, ஞாயித்துக்கிழமையில்ல, கோயிலுக்குப் போற கூட்டமா இருக்கும். ரோட்டுல சேரு எதாவது எறக்கிட்டு...

ஏன் தலையைக் குனியறீங்க?

வேண்டாங்க. சொல்லாதீங்க. நீங்க ஒண்ணும் பாத்திருக்க மாட்டீங்க, காரு வேகமா வந்திருக்கும். காருல இருக்கற உங்க கொழந்தைகூட வெளையாடிட்டு வந்திருப்பீங்க. எனக்குப் பயமா இருக்குது தம்பி. நீங்க அந்த வார்த்தையைச் சொல்லிட்டீங்கன்னா, நான் எந்திரிச்சு அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகோணும். போனா வாசல்ல அந்தப் புள்ளதான் நிக்கும். உள்ள வாங்கப்பான்னு அது கூப்பிட்டாத்தான் நான் மயிலாவைப் பாக்க முடியும். கூப்பிடலைன்னா?

உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். ஒண்ணும் சொல்லாமப் போயிருங்க.